அடுக்குமா, தம்பி?

பெரியவனே, சின்னவளே,

அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. மதகடிப்பட்டில் பஸ் மாறும்போது ஒரு ஆள் குடித்துவிட்டு வேட்டி விலகிக் கிடந்ததைப் பெரியவன் போனில் படம் பிடித்து வந்து, சாப்பிடும்போது காட்டினான். ரெண்டு பேரும் சிரித்தீர்கள். "அடுக்காதுடா, அத்த அழிச்சிடு" என்றேன். அடுக்காது என்றால் இன்னா அர்த்தம் என்று சின்னவள் கேட்டாள். தப்பா, அசிங்கமா, பாவமா, இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று விடாமல் கேட்டாள். எல்லாம்தான் என்று உளறிவிட்டுக் கை கழுவ எழுந்து போய்விட்டேன்.

எனக்குப் படிப்பு பத்தாவது வரைக்கும்தான். அர்த்தம் எழுது என்றால் வராது. அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கு ஒரு ஆள்தான் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். அந்த ஆளைப் பற்றி எழுதுகிறேன். அர்த்தத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது பயம் வந்தால் வரட்டும். எழுதும்போது எனக்கும் வருகிறது.

பாண்டிச்சேரிக்குத் தெற்கே, பாகூர் கொம்யூனில் நாம் முன்னே குடியிருந்த தெரு உங்களுக்கு ஞாபகம் இருக்காது. பெரியவன் அங்கன்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தான். சின்னவள் அம்மா வயிற்றில். எதிர்வீட்டில் ஒரு அக்கா இருந்தது. பெயரை எழுத மாட்டேன், அதற்குப் பிடிக்காது. நல்ல உயரம், ஒல்லி. தெருவில் ஓரமாகவே நடக்கும், நடுத்தெருவை வேறு யாருக்கோ விட்டுவைத்த மாதிரி. புருஷன் லாரி மோதிச் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள், விழுப்புரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது.

நான் அப்போது கரும்பு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு தெருமுனை திரும்புகிறேன், அக்கா வண்டிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. பிரேக்கை மிதித்ததில் எனக்கு உயிர் போய் வந்தது. அது பக்கத்தில் வந்து, யார் காதிலோ விழுந்துவிடப் போகிறது என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னது: "தம்பி, கோடி வூட்டுல எழவு வுழுந்திருக்குது. பாட்டு போட்டுக்கினு போறியே, அடுக்குமா?"

நிறுத்திவிட்டேன். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அதன் முகத்தில் கோபமே இல்லை, பயம்தான் இருந்தது. என் தலைமேல் ஏதோ விழப்போகிறது, அதற்குள் என்னைப் பிடித்து ஓரமாக இழுத்துவிட வேண்டும் என்கிற பயம்.

சின்னதுக்கும் பெரியதுக்கும் அக்காவுக்கு ஒரே வார்த்தைதான். விளக்கு வைக்கிற நேரத்தில் தலை சீவினால் அடுக்காது. வாசலில் வந்து தண்ணீர் கேட்டவனை இல்லை என்று அனுப்பினால் அடுக்காது. கன்றை இழுத்துக் கட்டிவிட்டு மாட்டை ஒட்டக் கறந்தால் அடுக்காது. நொண்டி நடப்பவரைப் போல நடந்து காட்டிச் சிரித்தால் ரொம்பவே அடுக்காது. ஒருநாள் உங்கள் அம்மா விளையாட்டாகக் கேட்டாள், அடுக்கலன்னா இன்னாதான்கா ஆவும் என்று. அக்கா வானத்தைப் பார்த்தது. அப்புறம் அம்மாவின் வயிற்றைப் பார்த்தது. விறுவிறு என்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. அம்மா அன்றைக்கு முழுக்கச் சிரிக்கவில்லை.

அக்காவுக்கு மூத்தார் ஒருத்தர் இருந்தார். மூத்தார் என்றால் புருஷனுடைய அண்ணன். கல்யாணம் கட்டாதவர். தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து கட்டில்தான். ஒரே வாசலுக்கு ரெண்டு பக்கம் ரெண்டு வீடு, அவருடையது மண்சுவர். மூத்தார் முன்னால் நிற்கக்கூடாது, நேருக்கு நேர் பேசக்கூடாது, பெயரைச் சொல்லக்கூடாது, கை படவே கூடாது என்று அந்தக் காலத்தில் வைத்திருந்தார்கள். இப்போது யார் பார்க்கிறார்கள்? உங்கள் அம்மா என் அண்ணனுக்குப் போன் போட்டு ரீசார்ஜ் பண்ணிவிடச் சொல்கிறாள். அக்கா மட்டும் விடவில்லை. அவருக்கு மூன்று வேளையும் சோறு போட்டது, துணி துவைத்தது, மருந்து வாங்கி வந்தது. ஆனால் அவர் வீட்டு வாசற்படியைத் தாண்டினது கிடையாது. தட்டை அவர் கட்டிலோர ஜன்னலில் வைத்துவிட்டு, வாசலில் கட்டியிருக்கிற கன்றுக்குட்டியிடம் பேசும்.

"கன்னுக்குட்டி, சோறு ஆறுது. சாப்புடச் சொல்லு."

உள்ளேயிருந்து மூத்தாரும் கன்றுக்குட்டிக்குத்தான் பதில் சொல்வார். "கன்னுக்குட்டி, கொழம்புல உப்பு கம்மின்னு சொல்லு."

"கன்னுக்குட்டி, டாக்டர்தான் உப்ப கொறைக்கச் சொன்னாருன்னு சொல்லு."

"அந்த டாக்டரு வந்து இதத் துன்னு பாக்கட்டும்னு சொல்லு, கன்னுக்குட்டி."

இப்படிச் சண்டையே நடக்கும். கன்று அதுபாட்டுக்கு வைக்கோல் மென்றுகொண்டிருக்கும். பால்காரர் ஒருநாள் இதைக் கேட்டுவிட்டு, இந்தக் குட்டிக்குப் பேர் வைத்து ரேஷன் கார்டில் ஏத்தணும், இந்த வீட்டில் அதிக வேலை பார்ப்பது அதுதான் என்றார். அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அது சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பயமில்லாதவர்களிடம் அந்த வார்த்தை எடுபடாது என்பதையும் அந்தத் தெருவில்தான் பார்த்தேன். ஏரியிலிருந்து வருகிற வாய்க்கால் நம் தெருவுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கீழே ஒருத்தர் வயலை வாங்கி மனை போட்டார். மனைக்கு வழி வேண்டும் என்று வாய்க்காலில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டினார். தெரு ஆம்பிளைகள் கூடிக் கூடிப் பேசினோம், மனு கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. அக்கா நேராகப் போய், அவர் காரை விட்டு இறங்குகிற இடத்தில் நின்றது. "தண்ணி போற வழிங்க. இத அடைக்கிறது அடுக்காதுங்க" என்றது. அவர் சிரித்துக்கொண்டே, "அடுக்கலன்னா இன்னாம்மா, ஃபைன் போடுவியா?" என்று கேட்டார். கூட நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

அக்கா நம் வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டது. கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவமானத்தில் நடுங்குகிறது என்று அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா சொன்னது: "அவருக்குப் பயமே இல்லியே பாப்பா. அவரு பயப்படாதத எல்லாம் சேத்து எனக்கில்ல குலை நடுங்குது."

போலீஸ் பிடிக்காது, கோர்ட்டுக்குப் போகாது, ஆனால் செய்வதற்கு மனசு கூச வேண்டும். அப்படிப்பட்டதுக்குத்தான் அந்த வார்த்தை. கூச்சமே இல்லாதவன் மேல் அது தண்ணீர் மாதிரி வழிந்து போய்விடுகிறது. கூச்சப்படுகிறவர்களைத்தான் பிடித்து உலுக்குகிறது. இது எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது.

கார்த்திகையில் மழை பிடித்தது. விடாத மழை. விடிகிற நேரத்தில் ஏரி நிரம்பிக் கலங்கல் தாண்டிப் போகிறது என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். போக வேண்டிய வழி அடைத்திருந்ததால் தண்ணீர் நம் தெருவுக்குள் திரும்பிவிட்டது. உங்கள் அம்மாவையும் பெரியவனையும் இன்னும் சில குடும்பங்களையும் டிரெய்லரில் ஏற்றி, மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்கினேன். இறங்கினவுடனே அம்மா ஆட்களைப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டு அக்கா வரவில்லையே என்றாள்.

திரும்பிப் போனேன். தெருமுனைக்கு மேல் டிராக்டர் போகவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கரன்ட்டை நிறுத்திவிட்டார்களா இல்லையா என்று தெரியாது. ஒரு கம்பி தண்ணீரில் முட்டுகிற மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மிதந்து வந்த கூரையில் ஒரு பாம்பு சுருண்டிருந்தது. பிள்ளைகளிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. திரும்பிவிடலாமா என்று நம் வாசல் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மரத்துக்கும் அக்கா வாசலுக்கும் நடுவில் தெரு ஆறு மாதிரி ஓடியது. தாண்டப் பார்த்தேன், தூக்கிப் போட்டது, தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி மரத்துக்கே வந்து ஒட்டிக்கொண்டேன். அங்கேயிருந்து பார்த்தால் அக்கா தெரிந்தது. இடுப்புத் தண்ணீரில், மூத்தாரின் வாசற்படிக்கு வெளியே, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. மாட்டையும் கன்றையும் அவிழ்த்து விட்டிருந்தது, ரெண்டும் எங்கேயோ போய்விட்டன. அக்கா வெறும் கட்டுத்தறியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது.

"கன்னுக்குட்டி, எழுந்து வெளிய வரச் சொல்லு. தண்ணி ஏறுது, எழுந்து வரச் சொல்லு."

எழுந்திருக்க முடியாத மனுஷன் அவர். உள்ளே கயிற்றுக் கட்டில் தூக்கிக்கொண்டு மிதக்கிறது, அவர் ஒரு கையால் கூரை வளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இது அப்புறம் அவரே சொன்னது, மரத்தடியில் எனக்குக் குரல் மட்டும்தான் கேட்டது. "கன்னுக்குட்டி, அவளப் போவச் சொல்லு. அவளாவது பொழைக்கட்டும்."

இல்லாத கன்றுக்குட்டியிடம் ரெண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

கயிற்றை மரத்தில் கட்டி, மறுமுனையில் ஒரு கட்டையைக் கட்டி வீசினேன். ரெண்டு தடவை தவறிப்போய் அப்புறம் அக்கா பிடித்தது. வாசல் கல்தூணில் கட்டச் சொன்னேன், கட்டியது. நான் கயிற்றைப் பிடித்து வர ஆரம்பிக்கும்போது மூத்தார் வீட்டின் பக்கச்சுவர் சரிந்து குந்துவதைப் பார்த்தேன். மண்சுவர் ஊறிப்போனால் அப்படித்தான், முதலில் குந்தும், அப்புறம் மொத்தமாக உட்காரும். நான் போய்ச் சேர்வதற்குள் விழுந்துவிடும் என்று தெரிந்தது.

அக்கா, உள்ளே போ, அவரைத் தூக்கு என்று கத்தினேன்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தது. எத்தனையோ பேரைப் பார்த்து அது கேட்டிருக்கிறது, எதற்கும் பதில் எதிர்பார்த்துக் கேட்டது கிடையாது. அன்றைக்குப் பதிலுக்காகக் கேட்டது.

"அடுக்குமா, தம்பி?"

"அடுக்கும்க்கா" என்று கத்தினேன். "அடுக்கும், போ."

போய்விட்டது. வாசற்படியைத் தாண்டி அந்த இருட்டுக்குள் போனதும் ஆளே தெரியவில்லை. சுவர் அதன் தலையில் விழுந்தால் அனுப்பினது நான். கயிற்றைப் பிடித்தபடி அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டு, வாய்க்கு வந்த சாமி பெயரையெல்லாம் சொன்னேன். உள்ளே ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. அப்புறம் அக்கா வந்தது. நெல் மூட்டை தூக்குகிற மாதிரி அவரை முதுகில் போட்டுக்கொண்டு, அவர் கைகளைக் கழுத்துக்கு முன்னால் இழுத்துப் பிடித்தபடி வந்தது. அவர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். அக்கா முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே அந்த வெள்ளத்தில் வந்தார்கள்.

நான் தூணுக்கு வந்து அவரை வாங்கிக்கொண்டேன். கயிற்றைப் பிடித்து நடுத்தெருவுக்கு வரும்போது பின்னால் பொத்தென்று சுவர் உட்கார்ந்தது, கூரையும் சேர்ந்து விழுந்தது. அக்கா திரும்பிப் பார்த்துவிட்டு, "பாத்தியா தம்பி, நான் காலு வெச்சதும் வுழுந்துடுச்சி" என்றது. தண்ணீரில் ஊறித்தான் விழுந்தது என்றேன். அது கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் அவர் ஒரு மூலை, அக்கா ஒரு மூலை. சோற்றுப் பொட்டலம் வந்தது. அக்கா ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து அவருக்குக் கொஞ்ச தூரத்தில் வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தது. நான்தான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். "தம்பி, சாப்புடச் சொல்லு" என்றது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "தம்பி, அவளையும் சாப்புடச் சொல்லு" என்றார். உங்கள் அம்மா என் காதில், "இனிமே நீதான்யா கன்னுக்குட்டி" என்றாள். அத்தனை பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா சாப்பிடவில்லை. அதன் கண் பெரியவன் மேலேயே இருந்தது, அப்புறம் அம்மா வயிற்றுக்குப் போனது.

தண்ணீர் வடிந்தபிறகு மூத்தாரை அரியாங்குப்பத்திலிருந்து அவர் கூடப்பிறந்தவளின் மகன் வந்து அழைத்துக்கொண்டு போனான். அக்கா தன் வீட்டிலேயே இருந்தது. தினமும் காலையில் நம் வாசலில் வந்து நின்று ஒன்றையே கேட்கும். "ஒண்ணும் ஆவலியே? புள்ள நல்லாக்கிறானா?" முதலில் பாசம் என்று நினைத்தோம். போகப்போக, அது நம் வீட்டில் ஏதோ நடப்பதற்காகக் காத்திருக்கிறது என்று புரிந்தது. வாசலில் அதன் நிழல் தெரிந்தாலே அம்மா பெரியவனை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

நடந்துவிட்டது. பெரியவனே, உனக்குக் காய்ச்சல் வந்தது. வெள்ளம் வடிந்த ஊரில் கொசுவுக்குப் பஞ்சமா, தெருவில் பாதிப் பேருக்கு வந்தது. அப்படித்தான் உனக்கும். ஆனால் உனக்கு இறங்கவில்லை. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் பிளேட்லெட் குறைந்துகொண்டே போகிறது, அடுத்த டெஸ்ட்டிலும் குறைந்தால் ரத்தம் ஏற்ற வேண்டும், ரத்தம் கொடுக்க ஆள் தயாராக இருக்கட்டும் என்றார்கள். மூக்கில் ரத்தம் கசிந்தது. நீ யாரையும் அடையாளம் தெரியாமல் பார்த்தாய்.

டீ வாங்க வெளியே போனேன். கேட்டுக்கு வெளியே அக்கா நின்றுகொண்டிருந்தது. செருப்பில்லாமல், அந்த வெயிலில். எப்போது வந்தது என்று தெரியவில்லை. உள்ளே வா என்றால் வராது. தன் கால் பட்டால் உனக்கு ஆகாது என்று அதற்கு எண்ணம்.

என்னை ஓரமாகக் கூப்பிட்டது. "தம்பி, அன்னிக்கு நீ ஒரு வார்த்த சொன்ன இல்ல, அத்தத் திருப்பி எடுத்துக்கோ."

எனக்குப் புரியவில்லை.

"நான் பண்ணது அடுக்காதுன்னு ஒரு தடவ உன் வாயால சொல்லிடு. நீ அடுக்கும்னு சொன்னதாலதான் உன் வூட்டுல வந்து வுழுந்துக்குது. நீ சொல்லிட்டா எல்லாம் என் தலையோட பூடும். புள்ளைய வுட்டுடும்."

எனக்குப் பகுத்துப் பேசத் தெரிந்திருந்தால் கொசு, வாய்க்கால், மண் கொட்டினவர் என்று எதையாவது சொல்லியிருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், நானும் நம்பினேன். மூக்கில் ரத்தத்தோடு உன்னைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். ஒரு வார்த்தைதானே, யாருக்கு இன்னா நஷ்டம், சொல்லிவிட்டுப் போகலாம் என்று வாயைத் திறந்துவிட்டேன்.

ஆனால் நான் சொன்னால், அக்கா அதை உயிர் இருக்கிறவரைக்கும் சுமக்கும். ஒரு மனுஷனை வெள்ளத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்ததை, தான் செய்யக்கூடாததைச் செய்துவிட்டதாகவே நினைத்துச் சாகும். அதற்குச் சாட்சியும் நானாக இருப்பேன்.

"சொல்ல மாட்டேன்க்கா."

"உன் புள்ளடா" என்றது அக்கா. என்னை அது டா போட்டது அந்த ஒரு தடவைதான். சட்டையைப் பிடித்துக்கொண்டது.

"தெரியும்க்கா. சொல்ல மாட்டேன்."

விட்டுவிட்டது. நான் டீ வாங்காமலே உள்ளே வந்துவிட்டேன். உன் காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தேன். நர்ஸ் கதவைத் திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். என் வீம்புக்கு உன்னைக் கொடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். உங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை. இதைப் படிக்கும்போதுதான் அவளுக்கும் தெரியும்.

அடுத்த டெஸ்ட்டில் குறையவில்லை. அதற்கடுத்ததில் ஏறியிருந்தது. கேட்டுக்கு ஓடினேன், அக்கா இல்லை. மகள் வந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனதாக டீக்கடைக்காரர் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு அக்கா வரவே இல்லை. அம்மா போன் போட்டு, பிள்ளை பிழைத்துக்கொண்டான் என்று சொன்னாள். அக்கா, "உன் வூட்டுக்காரரப் பத்தரமா இருக்கச் சொல்லு" என்று மட்டும் சொன்னதாம்.

நீ நடமாட ஆரம்பித்தபிறகு ஒருநாள் அரியாங்குப்பம் போய் மூத்தாரைப் பார்த்தேன். பார்க்க வருகிற எல்லாரிடமும் அவர் ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். என் தம்பி பொண்டாட்டி முதுகில் ஏறி வெள்ளத்தைத் தாண்டினேன், யாருக்குக் கிடைக்கும் அந்தக் கொடுப்பினை என்று. அக்கா எதை நினைத்து நடுங்கிக்கொண்டிருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். "இத்தினி வருஷம் நேர்ல பேசினதில்ல. இப்ப நான் எப்பிடிப்பா அதுகிட்டச் சொல்றது, நீதான் சொல்லணும்" என்றார். அந்த வாரமே அம்மாவை விட்டுப் போனில் சொல்லச் சொன்னேன். கேட்டுக்கொண்டதாம். அவருக்கு இப்போது உப்பு எப்படிப் போடுகிறார்கள் என்று விசாரித்ததாம்.

அரியாங்குப்பத்திலிருந்து வரும்போது நேராக வீட்டுக்கு வரவில்லை. ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். சாயங்காலம், கரையில் யாருமில்லை. தண்ணீர் ஒன்றுமே நடக்காத மாதிரி அடங்கிக் கிடந்தது. அன்றைக்கு நான் அந்த வார்த்தையைச் சொன்னது கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பயத்தில் கத்தினது. பயமில்லாமல் ஒரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றேன்.

"அடுக்கும்" என்றேன்.

குரல் நடுங்கியது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னேன்.